ஆவுடையப்பன் வீட்டுத் தவளைகள்

நாள் 1140, காலை 06.20
செவ்வாய்க் குடியிருப்பு, குமிழ் மூன்று. பதிவு செய்பவர்: உயிரியலாளர் செண்பகவல்லி. ஈரப்பதம் சரி. கீரைப் பாத்திகளில் பூச்சி குறைவு. என் வீட்டுக் கொல்லையில் வளரும் மரத்தவளைகளின் உபயம் அது. பகலெல்லாம் காலை மடக்கிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. நிறமும் சுவரின் நிறமே. தெரியாமல் கை வைத்தவர்கள் அலறியிருக்கிறார்கள். நேற்று மாலை, ஈரத்துக்காக நீர் தூவும் பனித்தூவி ஓடியதும் ஆண் தவளைகள் கத்தத் தொடங்கின. செவ்வாயில் இப்படிக் கத்தும் உயிர் வேறில்லை, எங்கள் நிர்வாகியைத் தவிர.

நாள் 1143, காலை 07.05
நிர்வாகி ஆவுடையப்பனிடமிருந்து செய்தி: "டாக்டரம்மா, அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க. மனுசன் தூங்க வேண்டாமா?"
என் பதில்: "சார், அதுங்க பொண்ணு தேடுதுங்க. கொஞ்ச நாள்ல தானா அடங்கிரும்."
மறுபடி அவர்: "எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணு இருக்கு."
என்ன வைத்தியம் என்று கேட்டேன். "பாத்துக்கிட்டே இருங்க" என்று வந்தது.

நாள் 1145, மாலை 18.30
எல்லாம் செத்துவிட்டன.
ஆவுடையப்பன் குழாய் கழுவும் குளோரினை என் கொல்லைப் பனித்தூவியில் திறந்துவிட்டார். போனிலிருந்தே திறக்கலாம், நிர்வாகி அல்லவா. எந்த வீட்டில் குளோரின் வாடை பட்டாலும் அந்த வீட்டுக் கதவு தானே பூட்டிக்கொள்ளும். பூட்டியதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்துதான் திறக்க முடியும். அந்த அறையும் அவர் வசம். நான் வெளியே நின்று கண்ணாடி வழியே பார்த்தேன். கதவைக் குத்திக் குத்திக் கை வீங்கியதுதான் மிச்சம்.
தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோலால் குடிக்கும், தோலாலும் மூச்சுவிடும். தோலை எப்படி மூடிக்கொள்ளும்? கண்ணாடியில் ஏறின, விழுந்தன, மறுபடி ஏறின. கதவு திறந்த பிறகு வாளியில் அள்ளினேன்.
அவர் செய்தி: "பராமரிப்பு நடவடிக்கை. வருந்துகிறோம்." பன்மையில் வருந்துகிறாராம்.
ஆவுடையப்பா, உன்னைச் சும்மா விடமாட்டேன்.

நாள் 1148, காலை 09.00
ஆய்வகத் தொட்டிக்கு மேல், இலையில், தவளை முட்டையிட்ட ஒரு நுரைக்கூடு தப்பியிருக்கிறது. வெளிப்புறம் காய்ந்து ஓடாகிவிட்டது, உள்ளே ஈரம். இன்று கூடு கரைந்து தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. இனி செவ்வாயில் மரத்தவளை என்றால் இவைதான். யாரிடமும் சொல்லவில்லை.

நாள் 1562, மாலை 17.10
வளர்ந்துவிட்டன. ஆண்களுக்குத் தொண்டை கட்டுப்படவில்லை. சத்தம் வெளியே போகாமல் ஆய்வகச் சுவர்களில் பஞ்சு அடைத்து வைத்திருக்கிறேன்.
பொங்கலுக்கு ஆவுடையப்பன் தம் கொல்லையில் வெண்கல உருளி வைத்திருக்கிறார். பூமியிலிருந்து நிர்வாகிக்கான சலுகை எடையில் வந்ததாம். நிறையத் தண்ணீர், மிதக்கும் காகிதப் பூக்கள், பக்கத்தில் விளக்கு. மற்ற வீடுகளில் குளிக்க அரை வாளி. ஊர்விட்டு ஊர், கிரகம்விட்டுக் கிரகம் போனாலும் நம் ஆட்களுக்கு அலங்கார உருளி வேண்டும். மீன் இல்லாத, அசையாத தண்ணீர். விளக்குக்கு வரும் பூச்சிகள் வேறு. தவளைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.
எழுதி அனுப்பினேன்: "சார், உருளிக்கு மேல வெற்றிலைக் கொடி படரவிட்டா எடுப்பா இருக்கும். நானே தாரேன்."
"ஆகட்டும் டாக்டரம்மா. பழச மனசுல வச்சுக்கிடாதீங்க."
வைத்துக்கொள்ளவில்லையே. தவளைகளின் தொண்டையில் அல்லவா வைத்திருக்கிறேன்.

நாள் 1570, காலை 10.15
கொடி நட்டாயிற்று. முட்டுக்கொடுக்கும் சாக்கில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைச் செங்குத்தாக நட்டேன். தவளைகள் பகலில் ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது.
போகிற போக்கில், தோல் வறள்வதால் தம் படுக்கையறைக்கும் ஈரக்காற்று வேண்டும் என்றார் ஆவுடையப்பன். அவர் கொல்லைப் பனித்தூவிக் குழாயையே நீட்டிக் கொடுத்தேன். அவர் கேட்டார், நான் போட்டேன். இது பதிவாகட்டும். இனி அவர் தம் கொல்லையில் குளோரின் திறந்தால் அது கட்டிலுக்கும் வரும், கதவும் பூட்டிக்கொள்ளும். நான் விரலைக்கூட அசைக்க வேண்டாம். தவளைகள் கத்தினால் போதும்.

நாள் 1574, மாலை 18.00
தவளைகள் எல்லாவற்றையும் பொதுப்பாதைச் செடிகளில் விட்டேன். ஒன்றைக்கூட அவர் வீட்டில் விடவில்லை. வெற்றிலைத் தொட்டிக்கு அடியில் சிறு ஒலிபெருக்கி மட்டும்: மழைச் சத்தமும், செத்துப்போன ஆண் தவளை ஒன்றின் பழைய கத்தலும். ஓர் ஆண் கத்தினால் மற்ற ஆண்களுக்குப் பொறுக்காது. இருட்டுவதற்குள் பாதி அவர் மதில்மேல்.

நாள் 1579, காலை 06.50
"டாக்டரம்மா! பாத்ரூம்ல தவள, செருப்புக்குள்ள தவள! வந்து பிடிச்சிட்டுப் போங்க. இல்லேன்னா பழைய வைத்தியந்தான், சொல்லிட்டேன்!"
"உங்க இஷ்டம் சார்."
இவ்வளவு பணிவாக நான் எவருக்கும் எழுதியதில்லை. செய்யட்டும். தன் கையாலேயே செய்யட்டும்.

நாள் 1582, மாலை 19.00
திறக்கவில்லை. ஏன் இன்னும் குளோரினைத் திறக்கவில்லை? அவ்வளவு சத்தம் போடுகின்றனவே.

நாள் 1584, மாலை 18.20
"டாக்டரம்மா, நேத்து உருளிக்கு மேல ஒண்ணு நுரை அடிச்சுது. பின்னங்கால வச்சு, எங்கம்மா தோசமாவு கலக்குத மாரி. பாத்துக்கிட்டே உக்காந்திட்டேன். அன்னைக்கு நான் செஞ்சது கொலதான். மன்னிச்சிருங்க. குளோரின் வால்வு, கட்டுப்பாட்டு அறை ரெண்டையும் உங்க பேருக்கு மாத்திட்டேன். இனி யாரும் தொட முடியாது. ஒண்ணு என் தலகாணில படுத்திருக்கு, எழுப்ப மனசு வரல. நான் கீழ படுத்துக்கிடுதேன்."

18.45
கட்டுப்பாட்டு அறைக்கு வந்துவிட்டேன். மன்னிப்பாம். கண்ணாடியில் ஏறி விழுந்தவற்றிடம் கேட்டானா? நான் நானூறு நாளுக்கு மேல் இதற்காகவே கண் விழித்து இருக்கிறேன். அவன் ஒரு சாயங்காலம் நுரையைப் பார்த்துவிட்டு நல்லவனாகிவிட்டான். அவ்வளவு சுலபமா?

18.58
எல்லாம் அவன் வீட்டில்தான். ஆண்கள், பெண்கள், புதுக் கூடு. மிச்சம் என்று வெளியே ஒன்றும் இல்லை. தெரியும். எனக்குத் தெரியாதா?

19.04
குளோரினைத் திறந்தேன்.

19.07
"டாக்டரம்மா, ஏதோ வாடை வருது. குழாய்ல என்னமோ கோளாறு. கதவு பூட்டிக்கிச்சு. தவளைங்களத் துணியில சுத்திட்டேன், அம்புட்டும் இருக்கு, உயிரோட இருக்கு, கதவ மட்டும் திறங்க தாயி"

19.09
ஈரத்துணியா என்று கேட்க வேண்டும். காய்ந்த துணி தோலை உரித்துவிடும். கேட்கவில்லை

19.10
கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரிகிறது, கேட்கிறது: கதவைத் தட்டுகிறார். துணிக்குள் ஒன்று கத்துகிறது, ஆண். திறக்கும் பொத்தான் பச்சையாக எரிகிறது. நான் இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்—