கரைக்கு வெளியே நிற்கும் வீடு

மார்ச் 9-இல் தொடங்கி 13-இல் முடித்தது

அன்பு மகள் ஓஃபேலியாவுக்கு,

அப்பா எழுதுவது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய் என்று தெரியும், யாரையும் உட்காரவைத்து எழுதச் சொல்லவில்லை, இது என் கைதான். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் பனி உருகும்வரை முனகும். நீயும் மாப்பிள்ளை ரொஹேலியோவும் பிள்ளைகளும் சான் அன்டோனியோ வெயிலில் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் கல்லறையில் பனி இடுப்பளவு கிடக்கிறது, சிலுவையின் தலை மட்டும்தான் தெரிகிறது, போன வாரம் போய்க் கையால் துடைத்துவிட்டு வந்தேன்.

நவம்பரிலிருந்து செவ்வாயும் வியாழனும் நூலகத்துக்குப் போகிறேன், போனில் உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுபத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது. சொல்லித்தருவது போர்கில்ட் அம்மாள், சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் இருந்தவர், நாக்கு அரிவாள். பீட் கிழங்கு வயல்ல ஒரு களை விடாம வெட்டின ஆளு, எலியோதோரோ, ஒரு வரியில மூணு எழுத்த விட்டுட்டு எங்க ஓடுறீங்க என்பார். நானும் விடுவதில்லை, டீச்சர், களை ஓடாம நிக்கும், உங்க எழுத்துதான் ஓடுது என்பேன். இங்கிலீஷ் எழுத்து பிடிபட்ட பிறகு நம் ஸ்பானிஷ் பேச்சை எழுதுவது சுலபமாகிவிட்டது. மகளே, என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது, கடையில் பீன்ஸ் டப்பாவைக் கையில் எடுத்தால் அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் வைக்கிறேன், பின்னால் நிற்பவர்கள் இருமுகிறார்கள், இருமட்டும். இந்த ஒரு பக்கம் எழுத இரண்டு காலைப் பொழுது ஆகியிருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் ஒரு வரிசை களை வெட்டி நிமிர்ந்தது போல இருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் வசந்த வெள்ள முன்னறிவிப்பு வந்தது. எல்லா வருஷமும் அம்மா கேட்டு வந்து சொல்வாள், அவள் போன பிறகு நீ போனில் சொன்னாய், இந்த வருஷம் செய்தித்தாளை நானே விரித்துவைத்துக்கொண்டேன். இலையுதிர் காலத்து மழையில் மண் குடித்தது போதும் என்று கிடக்கிறது, அதன்மேல் நாலடி ஆழத்துக்கு உறைந்துபோயிருக்கிறது, மேலே இருக்கும் பனியில் தண்ணீர் அதிகம், நம் சமையலறைக்குள் ஆறு வரும் அளவைத் தாண்ட நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று போட்டிருந்தது. யார் உதவியும் இல்லாமல் முழுதும் படித்து முடித்தேன் என்ற குஷியில் மேசையை ஓங்கித் தட்டினேன், காபி கொட்டிப்போனது. துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நான் என்ன படித்தேன் என்பது உறைத்தது. இந்த ஆறு வடக்கே ஓடுவது உனக்குத் தெரியும், தெற்கே இளகி வரும் தண்ணீருக்கு முன்னால் வடக்கே ஐஸ் கதவடைத்து நிற்கும், பிறகு அது போவதற்கு நம் தெருதான். சர்க்கரை ஆலைக்கு வெளியே கிழங்குக் குவியல் இளகி நாறத் தொடங்கிவிட்டது, இனி அதிக நாளில்லை.

வீட்டில் இருக்கும் காகிதம் ஏதாவது கொண்டு வாங்க, அதையே படிப்போம் என்று போர்கில்ட் அம்மாள் சொன்னதால் அம்மாவின் நீல பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பெரிய வெள்ளத்துக்கு மறு மாதம் நகர அலுவலகத்திலிருந்து நோர்வால் கொண்டுவந்தானே, அந்தக் காகிதம் மேலேயே இருந்தது. உனக்கு அப்போது பத்து வயது. நீ நாற்காலியில் உட்கார்ந்து படித்தாய், கால் தரையில் எட்டவில்லை. அப்பா, நம்ம வீட்ட யாரும் எடுத்துக்க மாட்டாங்களாம், வெள்ளம் வராம ஊருக்குக் கரை கட்டப்போறாங்களாம், இங்க கையெழுத்துப் போடணுமாம் என்றாய். இவ்ளோ பெரிய காகிதத்துல வேற ஒண்ணும் எழுதலையா என்று அம்மா கேட்டாள். நான் அவளைப் பார்த்து, உனக்கென்னடி தெரியும், படிச்சது என் மக என்று சொல்லி, அம்மா சொல்லித்தந்தபடி என் பெயரை வரைந்து கொடுத்தேன், நோர்வாலுக்குச் சோளமாவில் அவித்த டமாலே இரண்டு கட்டியும் கொடுத்தேன். நூலகத்துக்கு எடுத்துப்போகாமல் நானே உட்கார்ந்து படித்தேன், மூன்று நாள் ஆனது. நகரம் இந்த வீட்டை விலைக்குக் கேட்டது, இவர் மறுத்தார், கரை இவர் வீட்டுக்குப் பின்புறமாகப் போகும், வீடு ஆற்றுப் பக்கமாக இருக்கும், இது இவருக்குத் தெரியும், இனி பாதுகாப்புக் கேட்கமாட்டார் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, மகள் ஓஃபேலியா இவருக்குப் படித்துச் சொன்னாள் என்று அச்சில், பக்கத்தில் உன் உருண்டைக் கையெழுத்து, அதற்கு ஒரு சின்னப் பூ போட்டிருக்கிறாய்.

நம் தெருவைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு அடிபட்டதில், அதற்கு முந்தின வாரம் முழுக்க, வேற பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன், கிர்ஸ்டனை விட்டு வரமாட்டேன் என்று நீ அழுதது இப்போது ஞாபகம் வருகிறது. கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் எனக்குக் கோபமில்லை, வீட்டின் தலையெழுத்தை அவள் மடியில் வைத்தவன் நான். களைக்கொட்டைப் பிடித்த கையால் பேனாவைப் பிடிக்க வெட்கப்பட்டவன் நான். எனக்கு ஆறாதது வேறு. கரைக்கு அளந்து ஆரஞ்சு நாடா கட்டிய முளைகளை நம் பின்வாசலுக்கு அந்தப் பக்கம் அடித்த நாளிலிருந்து, நோர்வால் என்னை ஏமாற்றிவிட்டான் என்று இருபத்தெட்டு வருஷம் சொல்லித் திரிந்தேன். கோவிலில் அவன் நீட்டிய கையை எல்லார் முன்னாலும் விட்டுவிட்டு நடந்தேன். இங்கே எத்தனையோ கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், பெரியவளான உன் முன்னால், அவனைத் திருடன் என்றேன், நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். எட்டு வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் நீயே வந்து கீழ் அறையில் என்னோடு வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தாய், அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. அம்மா ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஊறுகாய் ஜாடிகளை மேலே தூக்கினாள், கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு இந்த வேலையில்ல பாரு என்பாள், தூக்கித் தூக்கியே போய்ச் சேர்ந்தாள். நோர்வால் ஜனவரியில் இறந்தான். மூன்று தெரு தள்ளித்தான் அடக்கம், நான் போகவில்லை. காகிதத்தை நான் படித்தது பிப்ரவரியில். நேற்று அவன் மனைவி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை, அவரு சாகுற வரைக்கும் கேட்டாரு, அந்த மனுஷனுக்கு நான் என்ன பண்ணேன்னு என்று மட்டும் சொன்னாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கரைக்கு வெளியே மிச்சம் இருக்கும் நாலு வீட்டையும் நகரம் மறுபடி விலைக்குக் கேட்கிறது, ஏப்ரல் முதல் தேதிக்குள் சொல்ல வேண்டும், வாங்கினால் இடித்துப் புல் போட்டுவிடுவார்கள். நீ போனில், வித்துடாதப்பா, நான் பொறந்து வளந்த வீடு, பிள்ளைங்களுக்குக் காட்டணும் என்றாய். நாலு வருஷமாக ஒரு பிள்ளையையும் கூட்டி வரவில்லை, காட்ட வேண்டுமானால் முன்பே காட்டியிருக்கலாம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபால் அலுவலகத்துக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை பார்த்திருக்கிறேன், கரைக்கு உள்ளே, வரும் சனிக்கிழமை குடிபோகிறேன், அம்மாவின் ஜாடிகளைக் கடைசித் தடவையாக நான் தூக்குகிறேன். உன் ஊருக்கு வரமாட்டேன், கூப்பிடாதே, செவ்வாயும் வியாழனும் எனக்கு வேலை இருக்கிறது. அம்மாவின் பங்கு உன் பேரில் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும், காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போட்டுவிடு. கடவுளும் அம்மாவும் உன்னைக் காப்பார்கள், நான் என்ன எழுதியிருந்தாலும் நீ என் மகள்தான். வெயிலில் பிள்ளைகளைத் தொப்பி இல்லாமல் விடாதே. ஒன்றை மறக்காதே, காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படி, சின்ன எழுத்தையும் படி, பிறகு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு. பூ போட வேண்டாம்.

உன் அப்பா,
எலியோதோரோ
(யாரும் படித்துச் சொல்லவில்லை, நானே படித்தேன்)