ரஷீதாவின் கொலுசும் ஆறு குழல்களும்

1964 மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அதே கோடு. மூன்று கண்ணாடிப் பட்டைகளையும் மயிரிழை பிசகாமல் முக்கோணமாகச் சேர்த்துக் கட்டியும், கலைடாஸ்கோப்புக்குள் பார்த்தால் வளையல் துண்டுகள் விரிக்கிற ஒவ்வொரு பூவின் ஓரத்திலும் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு வருகிறது. குழலை மூலையில் வீசினேன். ரஷீதா எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.  திட்டினாலாவது சண்டை போடலாம்.

ஷாகுல் ஹமீது மாமா கெடு வைத்துவிட்டார். மாமனாரும் அவர்தான், தோல் கிடங்கு முதலாளியும் அவர்தான், தாராவியில் நாங்கள் இருக்கிற இந்த அறைக்குச் சொந்தக்காரரும் அவர்தான். பக்ரீத் வந்தால் தோல் மலையாகக் குவியும். "அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துரு கனி. மேஸ்திரியா நிக்கியா, இல்ல வளையல் துண்டைக் குலுக்கிக்கிட்டே இருக்கப் போறியா?"

 தோல் ஊறுகிற தொட்டிப் பக்கம் போய்விட்டேன்.

மார்ச் 5

மறுபடியும் நிழல்.

மார்ச் 8, ஞாயிறு

பிடித்துவிட்டேன். இத்தனை நாள் புத்தி எங்கே மேயப் போயிருந்தது? கண்ணாடியில் வெள்ளி ரசம் இருப்பது பின்பக்கம். முன்பக்கம் ஒரு உருவம் காட்டுகிறது, ரசம் இன்னொன்று காட்டுகிறது. அதுதான் நிழல். பின்னால் இருக்கிற சிவப்புப் பூச்சை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் எடுத்துவிட்டு, ரசத்தையே உள்பக்கமாகத் திருப்பினால்?

நான்கு பட்டைகள் கீறல் விழுந்து பாழ். அடுத்த மூன்று தேறின. விரல் படக்கூடாது. மூச்சுகூடப் படக்கூடாது.

கோடு இல்லை! பச்சை வளையலும் சிவப்பு வளையலும் ஓரம் கலங்காமல் விரிந்தன. ரஷீதா வாங்கிப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் கண்ணை எடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 10

கிங்ஸ் சர்க்கிளில் பொம்மைக் கடை வைத்திருக்கிற சந்திரமௌலியிடம் கொண்டுபோனேன். இதுவரை என் அட்டைக் குழல்களை மட்டும் வாங்கியவர். இதைக் கண்ணில் வைத்தவர், கடைக்கு வந்த ஆளைக் கவனிக்கவே மறந்தார். "கனி பாய், இது இங்கேயே இருக்கட்டும். இதே மாதிரி ஆறு பண்ணிண்டு வாங்கோ, ஒண்ணாம் தேதிக்கு. எல்லாம் சரியா இருந்தா மாசாமாசம் உங்ககிட்டதான் வாங்குவேன்."

மாசாமாசம்! அப்படியென்றால் கிடங்கே வேண்டாம். பஸ்ஸில் உட்கார இருப்புக்கொள்ளவில்லை. சயானில் இறங்கி நடந்தே வந்தேன்.

மார்ச் 19

ஆறும் முடிந்தன. துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதி ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

மார்ச் 30, திங்கள்

போச்சு. ஆறும் போச்சு. பிரிச்சுப் பாத்தா ரசமெல்லாம் மஞ்சளாகி, ஓரத்துல கறுத்துக் கிடக்கு. உள்ள பூ இல்ல, புகைதான் தெரியுது. எங்க தப்பு? ஸ்பிரிட்டா? என் விரல் பட்டுதா? மாமா சொன்னதுதான் சரியோ — நாளன்னைக்கு அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிக்க?

ஏப்ரல் 1

வெறுங்கையோடு போனேன். சந்திரமௌலி முகத்தைப் பார்க்கக் கூசி, மேஜையில் இருந்த என் முதல் குழலை எடுத்துக் கண்ணில் வைத்தேன். முதல் நாள் போலவே பளிச்சென்று இருக்கிறது! அதே ஸ்பிரிட், அதே பஞ்சு, அதே கை. நடந்ததைச் சொன்னேன். மாதக் கடைசி வரை தவணை தந்தார்.

வீட்டில் சொன்னதும் ரஷீதா காலை நீட்டினாள். "மாசத்துக்கு ரெண்டு தரம் சாம்பல் போட்டு இந்தக் கொலுசை விளக்குதேன், பாக்கலியா மச்சான்? தோல் தொட்டிக் காத்துல வெள்ளி நிக்குமா? உங்க ரசமும் வெள்ளிதானே?"

தாராவியில் கொலுசு போட்ட பெண்கள் எல்லோருக்கும் தெரியும். எட்டு வருடம் கூட இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 4

செம்பூரில் ஓர் அறை பார்த்துச் சாவி வாங்கினேன். மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன்: இங்கே காற்று ஆகவில்லை, அங்கே வைத்துச் செய்யப்போகிறேன்.

"முப்பது வருசமா இந்தக் காத்துலதான் நம்ம எல்லாருக்கும் சோறு," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பக்ரீத் மூன்று நாளும் தோல் பக்கம் நிற்பேன் என்றேன். அதற்குப் பிறகு என்ன என்று அவர் கேட்கவில்லை.

ரஷீதா அவருக்கு ஒரே மகள். அவளை எப்படி வா என்று கூப்பிடுவது? அவள் இல்லாமல் அங்கே எனக்கு என்ன இருக்கிறது? கேட்கத் தைரியம் இல்லாமல் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கால் கொலுசைக் கழற்றித் தந்தாள். "அங்க ஆணியில மாட்டுங்க. பாப்போம்."

ஏப்ரல் 7

வீட்டில் ஒற்றைக் கொலுசுச் சத்தம். தாங்கவில்லை.

ஏப்ரல் 9

செம்பூரிலும் புகைபோக்கிகள் இல்லையா என்ன? வேலை முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆணியில் மாட்டிய கொலுசு வெள்ளையாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு இருந்தால் போதுமா?

ஏப்ரல் 11

மறுபடி போனேன். பைத்தியம்தான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வியாழக்கிழமை பக்ரீத். செம்பூர் அறையைப் பார்க்க ரஷீதாவே வருகிறேன் என்றாள். புதிதாகக் கட்டி வைத்திருக்கும் குழல்களைத் தொடக்கூட இல்லை, நேராக ஆணிக்குப் போனாள். கொலுசை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, காலில் கிடந்ததோடு சேர்த்து வைத்தாள். காலில் இருந்ததை இந்தப் பதினைந்து நாளும் விளக்கவே இல்லையாம். அது கறுப்பு. ஆணியில் இருந்தது வெள்ளை.

நான் வாசல்படியில் நின்றேன். அவள் எழுந்து வெள்ளைக் கொலுசைத் திரும்பவும் ஆணியிலேயே மாட்டினாள்.  பிறகு குனிந்து, காலில் இருந்ததையும் கழற்றி அதே ஆணியில் மாட்டினாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அடுப்பை எங்க மச்சான் வைக்க?" என்றாள்.