முதல் பாலிசி யாருக்கு

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஒரு பக்கம் முழுதும் எழுதப் போகிறேன். கை வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம். எல்லாம் மருமகள் முத்துமாரி சொல்லிக்கொடுத்த எழுத்து. மாவு ஆட்டி முடித்துக் கை கழுவிவிட்டு, "மாமா, நோட்டை எடுங்க" என்பாள். தாராவிக்கு வந்த நாளிலிருந்து கடைப் பலகைகளைப் படம் பார்ப்பது போலத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது தமிழில் ஒரு பலகை கண்ணில் பட்டால் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

சங்கதிக்கு வருகிறேன். மகன் வெங்கடேஷ் டெம்போ ஓட்டுகிறான். அவனோடு வண்டி ஓட்டியவர் ஒருவர் போன மாதம் திடீரென்று இறந்துபோனார். குடும்பத்துக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. அதிலிருந்து இவனுக்கு ஒரே யோசனை. இன்று சொன்னான்: "ஒரு பாலிசி எடுக்கணும்ப்பா. முதல்ல உங்க பேர்லதான்."

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலில் எனக்கு. தீபாவளி வேட்டி, புது ஃபேனின் காற்று, எல்லாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோல் பட்டறையில் சம்பளம் வாங்கியபோதெல்லாம் கைநாட்டு வைத்தவன் நான். இதில் கையெழுத்துப் போடுவேன்.

ஜூன் 10

பூலோகம். பூலோகம். பூலோகம்.

மூன்றாவது கையெழுத்துதான் அழகு.

ஜூன் 13, வெள்ளி

செம்பூரிலிருந்து ஏஜெண்டு பிரேமலதா மழையில் நனைந்துகொண்டு வந்தார். பையைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி முருகம்மாள் குறுக்கே வந்துவிட்டாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வச்ச நேரம். சாவுப் பேச்சு எடுக்காதீங்கம்மா. காப்பி குடிங்க, நாளைக்கு வாங்க."

அவரும் மறுபேச்சு இல்லாமல் காப்பி குடித்தார். மழையைப் பற்றியும் ரயில் கூட்டத்தைப் பற்றியும் பேசினோம். போகும்போது "வரேன் அங்கிள்" என்றார். அங்கிள்!

ஜூன் 14, சனி

சட்டை மாற்றி, பையில் பேனா குத்தி உட்கார்ந்திருந்தேன். பிரேமலதா வந்ததும் கேட்டார்: "அங்கிள், நீங்க இல்லைன்னா இந்த வீட்ல எந்த வருமானம் நிக்கும்?"

யோசித்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. "பீடிச் செலவுதான் நிக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"அப்போ உங்களுக்கு வேண்டாம். இந்த வயசுல கட்டுறது ஜாஸ்தி, வர்றது கம்மி. இது மரியாதைக்கு எடுக்கிறது இல்ல அங்கிள். யார் சம்பாத்தியத்தை நம்பி மத்தவங்க சாப்பிடுறாங்களோ, அவங்க பேர்ல எடுக்கிறது."

வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். பேனாவை மூடிவைத்தேன்.

முருகம்மாளுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கான பாலிசி போதும் என்றார். பிறகு முத்துமாரியைக் காட்டிக் கேட்டார். "அவ வீட்லதான் இருக்கா" என்றான் வெங்கடேஷ். எனக்குப் பொறுக்கவில்லை. விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, மாட்டுங்கா வரை சுமந்துபோய் விற்றுவிட்டு வருகிறவள் வீட்டில் எப்போது இருந்தாள்? சொல்லிவிட்டேன். "விடுங்க மாமா" என்றாள் அவள். வருமானத்தைக் காட்டக் காகிதம் இல்லாததால் அவளுக்கு இப்போதைக்கு பேங்க் வழியாக ஒரு சின்னப் பாலிசிதான் கிடைக்குமாம். பெரியது வெங்கடேஷ் பேரில்.

"உடம்புக்கு ஏதாச்சும் உண்டா? பிரஷர், சுகர்?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

முத்துமாரி தரையைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். நாலு வருஷமாக அவனுக்குச் சுகர். முருகம்மாள் தன் தம்பியைச் சுகரில் பறிகொடுத்தவள். பயந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் மறைத்து வைத்திருக்கிறோம்.

அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று பிரேமலதா எழுந்தார். தொண்ணூறடி ரோடு வரைக்கும் கூடப் போனேன். யாரோ ஒருத்தருக்கு என்பது போலக் கேட்டேன்: சுகர் இருந்து சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அவருக்குப் புரிந்துவிட்டது.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனியில பழைய ஆஸ்பத்திரிப் பேப்பரை எல்லாம் தேடுவாங்க அங்கிள். மறைச்சது தெரிஞ்சா பணம் இல்லைன்னுடலாம். அப்போ கவுண்டர்ல நிக்கப்போறது உங்க மருமகதான்."

ஜூன் 17

வெங்கடேஷிடம் பேசினேன். "எல்லாரும் அப்படித்தாம்ப்பா சொல்றாங்க. சுகர்னா ரேட்டை ஏத்திருவான். அம்மா வேற பக்கத்துல இருக்கா" என்றான்.

அவன் இல்லாத ஒரு நாளை நினைத்தாலே கை ஓடமாட்டேன் என்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அந்த நாளில் முத்துமாரி போய் நிற்கிறாள். நீங்கள் மறைத்துவிட்டீர்கள் என்று ஒருவன் சொல்கிறான். ஏல, அவ என்னத்தல மறைச்சா? அவளையா கொண்டுபோய் அங்க நிறுத்துவ?

அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. பயந்த பிள்ளை.

ஜூன் 22, ஞாயிறு

பிரேமலதா பேனாவை எடுத்ததும் நான் முந்திக்கொண்டேன். "முதல்ல என் சீக்கை எழுதுங்க."

"உங்களுக்குத்தான் பாலிசி இல்லையே அங்கிள்."

"இருக்கட்டும். இந்த வீட்ல எதுவும் என்கிட்டருந்துதான் ஆரம்பிக்கும். எனக்குப் பிரஷர். கண்ணுல புரை. மூலம் உண்டு. பீடி உண்டு."

முருகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வந்த பொம்பளகிட்ட மூலத்தைச் சொல்லுதாரே இந்த மனுசன்!"

"இப்போ நீ சொல்லு."

முழங்கால் என்றாள். கர்ப்பப்பை எடுத்ததையும் சொன்னாள். முத்துமாரி சிரித்துக்கொண்டே தலைவலி என்றாள். அடுத்து வெங்கடேஷ். எல்லோரும் அவனையே பார்த்தோம். 

"சுகர்" என்றான். "நாலு வருஷமா." அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

முருகம்மாள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "ஏலே, நாலு வருஷமா உன் டம்ளர்ல மட்டும் சீனி போடாமத்தான குடுக்கேன். ஒருநாளாச்சும் ஏன்னு கேட்டியா?"

அவள் விடவில்லை. "நீயா சொல்லுவன்னு இருந்தேன். மூணு பேரும் சேர்ந்து என்னைய ஏமாத்துனதா நெனப்பு!" பிறகுதான் அழுதாள். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

பிரேமலதா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என் மூலத்தைத் தவிர.

ஜூலை 19, சனி

ரத்தம் எடுத்தார்கள். ரேட்டு ஏறத்தான் செய்தது. முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். பாலிசி வந்துவிட்டது, நாமினி முத்துமாரி.

பேங்கில் அவளுடைய பாலிசிக்கு என்ன தொழில் என்று கேட்டார்களாம். அவள் வாய் திறக்கும் முன்னே வெங்கடேஷ் "இட்லி பிஸினஸ்" என்றானாம். இதை வந்ததிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் புதிதாகக் கேட்பது போலக் கேட்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து வெங்கடேஷும் விடியுமுன் எழுந்து முத்துமாரியோடு மாட்டுங்கா வரை போகிறான். இட்லிப் பாத்திரம் அவன் தலையில். வாடிக்கைக்காரி ஒருத்தி இவனைக் காட்டி "யே கோன்?" என்று கேட்டதற்கு இவள் "மேரா ஹமால்" என்றாளாம். என் சுமைகூலி! சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இன்று ரத்தம் சோதித்த காகிதத்தோடு வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனான். "ஏட்டி, சுகர் இறங்கிருச்சு" என்றது எனக்குக் கேட்டது. அப்புறம் இரண்டு பேருடைய சிரிப்பும்.

முருகம்மாள் எட்டிப் பார்த்தாள். "உங்ககிட்ட சொன்னானா?"

"இன்னும் இல்ல."

"கூப்பிடவா?"

"வேண்டாம். மெதுவா வரட்டும்."