மதினியின் ஒற்றைக் கொலுசு

மாசி, 1942. வியாழன்.

யுத்தத்தால், மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சீவல்களுக்கு ஏற்றும் சாயத்துக்கு வேண்டிய வெள்ளி உப்பு கப்பலில் வரவில்லை. போன வாரம் மதினி ஒரு கால் கொலுசைக் கழற்றித் தந்தார். நகை செய்யும் பத்தர் அதைத் திராவகத்தில் கரைத்து உப்பாக்கிக் கொடுத்தார். அதில்தான் ஆட்டு மூளைச் சீவலை ஊறவைத்தேன்.

இன்று சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இத்தனை வருஷம் படத்தில் மட்டும் பார்த்த நரம்பணு, கடைசிக் கிளைவரை கறுகறுவென்று நின்றது! கத்திவிட்டேன். மதுரையில் ஆராய்ச்சியா என்று சிரித்த பட்டணத்துப் பெரியவர்கள் இப்போது வந்து பார்க்கட்டும்.

மதினி ஈரக்கையோடு ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

"ஆத்தாடி, இம்புட்டு வேரா! இதுவா என் கொலுசு?"

"ஆமா மதினி."

"ஆட்டு மூளைக்குக் கொலுசு மாட்டி அழகு பாத்தவ நீ ஒருத்திதான்."

சிரித்தபடியே மறுகால் கொலுசையும் கழற்றினார்.

"இந்தா, இதையும் கரைச்சுக்க. ஒத்தக் கொலுசோட எம்புட்டு நாளைக்குத் திரியுறது?"