ஆறு கிலுகிலுப்பை

உ

பொலிகண்டி
18.03.1973

அன்பு மகள் பத்மாசினிக்கு,

சந்நிதி முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிருக்குள் ஆஸ்பத்திரி வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். நீ அனுப்பிய பார்சல் வந்தது. அம்மாவுக்குச் சப்பாத்து அளவுதான், ஆனால் போட்டால் தேய்ந்துவிடும் என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். என் சட்டையும் நல்லது. ஆனால் பிள்ளை, எல்லாவற்றிலும் திறமான சாமானை நீ தெரியாமல் அனுப்பியிருக்கிறாய். சப்பாத்து நெளியாமல் இருக்க உள்ளே ஒரு தாளைக் கசக்கி அடைத்திருந்தாயே, அது மீன்பிடிப் புத்தகத்துத் தாள். நான் அதை ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கி எடுத்து நாலு நாள் குந்தியிருந்து வாசித்தேன். நான் ஈயம் உருக்கிச் சேவல் இறகு கட்டிச் செய்யும் பொய்யிரை உனக்குத் தெரியும்தானே, எங்கள் வெள்ளைச் சேவல் இப்போது என் காலடிச் சத்தம் கேட்டாலே வேலி பாய்கிறது. அந்தத் தாளில் வெள்ளைக்காரன் சொல்கிறான், இறகு மட்டும் காணாதாம், இரைக்குள்ளே ஒரு ‘றற்றில்’ வைக்க வேண்டுமாம், இழுக்க இழுக்க அது சத்தம் போட, மீன் ஆத்திரம் பிடித்து வந்து கடிக்குமாம். நீ பள்ளிக்கூடத்தில் பாவித்த அகராதியைப் புரட்டினேன், கிலுகிலுப்பை என்று போட்டிருந்தது. சரி, குழந்தைப் பிள்ளையின் கிலுகிலுப்பையை உடைத்து உள்ளே இருப்பதை எடுக்கச் சொல்கிறான் என்று விளங்கிக்கொண்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

கண்ணாடிக்கு அளவு பார்க்கப் போகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் தகரக் கிலுகிலுப்பை தொங்கியது, ஆறு தரச் சொன்னேன். ஒன்று காணாதோ என்று கடைக்காரர் கேட்டார். இப்போதைக்கு ஆறு, சரிவந்தால் இன்னும் வேண்டும் என்றேன். என்ன விசேஷம் என்று கேட்டார். என் மனம் முழுக்க மீன், அதனால், “எல்லாம் லண்டனிலை என்ரை மகளாலை வந்தது” என்று பெருமையாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் வளவு கூட்டத் தும்புத்தடி விலை கேட்டுக்கொண்டு நின்றது யார் என்று நினைக்கிறாய், உடுப்பிட்டி நாகேஸ்வரி. உனக்குப் பேசுகிற கனகரத்தினத்தின் சொந்த மாமி. தும்புத்தடியும் வாங்காமல் அவ பஸ்ஸுக்கு ஓடினதை நான் கண்டேன், ஏதோ அவசரம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பின்வளவில் ஒளித்திருந்து ஒன்றை உடைத்தேன். உள்ளே இரண்டு பயறும் ஒரு சின்னக் கல்லும். அடுத்ததில் நல்ல சாமான் இருக்கும் என்று அதையும் உடைத்தேன், அப்படியே ஐந்து. என்னோடு வள்ளத்துக்கு வரும் கந்தப்பு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உதுக்கே பட்டணம் போனனீர், அடுப்படிக்குப் போயிருக்கலாமே” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் புத்தி வேலை செய்தது. சைக்கிள் கடையில் நாலு இரும்புக் குண்டு வாங்கி ஒரு பேனை மூடிக்குள் போட்டு, வாயை அரக்கால் அடைத்து, இறகுக்குள்ளே வைத்துக் கட்டினேன். ஆட்டிப் பார்த்தால் என்ன கிலுக்கம் பிள்ளை, சேவல் கூடத் திரும்பிப் பார்த்தது. மூடி, நீ சோதனை எழுதிய பச்சைப் பேனையின் மூடிதான், கோபிக்காதே.

மூன்றாம் நாள் பின்னேரம் கனகரத்தினத்தின் தகப்பன் நமசிவாயம் வாத்தியாரும் தங்கச்சி நாகேஸ்வரியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். அம்மா சந்தோசமாகத் தேத்தண்ணி போட்டு வைத்தாள், இரண்டு பேரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு நாகேஸ்வரி மெதுவாக, “லண்டனிலை எல்லாரும் சுகமோ” என்று கேட்டா. அம்மா பாவம், “எல்லாரும் எண்டு ஆர், அவள் ஒருத்திதானே இருக்கிறாள்” என்றாள். “ஒருத்திக்கு ஏன் ஆறு கிலுகிலுப்பை?” என்றா அவ. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத இந்த நீலத்தாள் தாங்காது. நான் ஓடிப்போய் மினுக்கிய தாள், பேனை மூடி, உடைத்த தகரம் எல்லாவற்றையும் அள்ளி வந்து மேசையில் பரப்பினேன். வாத்தியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முப்பது வருசம் படிப்பிச்சனான் தம்பிஐயா, வீட்டுப்பாடம் செய்யாத பொடியள் கூட இப்பிடி ஒரு கதை கொண்டு வரேல்லை” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் தேத்தண்ணி இரண்டும் ஆடை கட்டிக் கிடந்தன. சம்பந்தம் பேசுகிற வீட்டில் அதைத் தொடாமல் எழும்பிப் போனால் பிறகு அந்தப் படலை திறக்காது. கனகரத்தினத்தைப் பற்றி நீ வெட்கப்பட்டு எழுதிய நாலு வரியை அம்மா தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள், எனக்கும் அது பாடம். ஆனபடியால், “நாளைக்கு என்னோடை கடலுக்கு வாங்கோ, உது கிலுங்கி மீன் கடிச்சால் என்ரை கதை உண்மை” என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிந்த பிறகுதான் உன் கல்யாணத்தை ஒரு பேனை மூடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் என்று விளங்கியது.

மற்ற நாள் காலை வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டி வள்ளத்தில் ஏறினார், கந்தப்பு துடுப்பு வலித்தார். ஒன்றரை மணித்தியாலம் ஒரு குஞ்சு கூடக் கடிக்கவில்லை. வாத்தியார் கடல் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு தரம் சத்தி எடுத்தார். கந்தப்பு வாயை வைத்துக்கொண்டு இருக்கிற ஆளா, கிலுகிலுப்பை ஆட்டினால் குழந்தை நித்திரை கொள்ளும், மீனும் நித்திரையாக்கும் என்றார். நான் செல்வச்சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தேன், எனக்காக இல்லை. கடைசியில் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை, போதும், காணும், வள்ளத்தைத் திருப்பு என்று என் கையிலிருந்த கயிற்றைப் பறித்து, ஆத்திரத்தில் வெடுக்கு வெடுக்கென்று இழுத்தார். நான் அதுவரைக்கும் பூப்போல இழுத்தது பிழை பிள்ளை, அப்படி உதறி இழுத்தால்தான் உள்ளுக்குக் குண்டு அடிக்கும். நாலாவது இழுப்பில் கயிறு விறைத்தது, மனுசன் முழங்காலில் விழுந்தார். உதவிக்குக் கை நீட்டினேன். “தொடாதையுங்கோ, இது என்ரை” என்றார். ஒன்பது இறாத்தல் சீலா மீன்.

வாத்தியாரின் விரல் கயிறு வெட்டி இரத்தம், வேட்டியெல்லாம் உப்பு, எங்கள் வீட்டில் குந்தியிருந்து இரண்டு தேத்தண்ணி குடித்தார். நாகேஸ்வரி ஒரு குழம்புத் துண்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, தான் அப்பவே நம்பினதாகச் சொன்னா. சித்திரை பிறக்க நாள் பார்க்கலாமாம். சீதனம் என்று தான் கேட்கிறது, உப்பிடிக் கிலுங்குகிற பொய்யிரை நாலு மட்டுந்தான் என்று வாத்தியார் சொல்லிப்போட்டார். இப்போது ஒவ்வொரு சனியும் சைக்கிளில் வந்து நிற்கிறார், சேவலுக்கு வாலில் மூன்று இறகுதான் மிச்சம்.

வாத்தியாரின் கடிதம் போக முன்னம் கனகரத்தினத்துக்கு நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு, ஆறு என்ற கணக்கை மாத்திரம் சிரிக்காமல் சொல். கம்பளிச் சட்டை போடாமல் வெளியில் போகாதே. முக்கியமாக ஒன்று, அந்தத் தாளின் அடியில் மிகுதி நாற்பத்தேழாம் பக்கத்தில் என்று போட்டிருக்கிறது. மற்றச் சப்பாத்துக்குள் வேறு ஏதோ சமையல் தாளைத்தான் அடைத்திருந்தாய். தேடி அனுப்பு.

உடைக்காத ஆறாவது கிலுகிலுப்பையை அம்மா என் கையிலிருந்து பறித்து, சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டாள். அது மீனுக்கு இல்லையாம். அவசரம் ஒன்றும் இல்லை என்று உனக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். ஆனால் நாளுக்கு நாலு தரம் அலுமாரியைத் திறக்கிறாள், ஒவ்வொரு தரமும் அது கிலுங்குகிறது. தற்செயலாம்.

நீ நினைத்தது எல்லாம் கைகூடி நெடுங்காலம் நிறைவாக வாழ முருகன் உனக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அப்பா
மு. தம்பிஐயா