மூன்றாம் கேள்வி

ஓ க்டாம் கிராமம்
முன்னோர் பண்டிகை முடிந்த நான்காம் நாள்

அன்பு மகள் கொலாப்புக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் பன்றிகளும் சுகம். வழக்கமாக இதற்கடுத்து நீ சுகமா என்று எழுதுவேன், இந்தத் தடவை எழுதப் போவதில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே, காரணம் கடைசியில் உனக்கே விளங்கும். போனில் பேசலாமே என்பாய். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்துத் தடவை "சரிம்மா, சரிம்மா" என்கிறாய், முதலாளி கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும். பக்கத்து ஊர் மொலிகா விடுப்பு முடிந்து திங்கட்கிழமை கொரியாவுக்குத் திரும்புகிறாள், அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் அப்பா ஏன் பேசவில்லை என்று கேட்டாய், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அது பொய். அவருக்கு மலேரியா. இப்போது எழுந்து நடமாடுகிறார், சூப்பில் புளிப்புப் போதவில்லை என்று குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார், அதனால் பதறாதே. ஆனால் எட்டு நாள் என் உயிர் என்னிடம் இல்லை. அவர் நடுங்கின நடுக்கத்தில் படுக்கைப் பலகை கடகடத்தது. நான்தான் விரலில் குத்திச் சோதித்தேன். ஒரு கோடு வரவேண்டிய அட்டையில் இரண்டு கோடு. நம் பேச்சில் அந்தக் காய்ச்சலுக்குப் பெயரே தோற்ற காய்ச்சல்தானே, பதினான்கு மாதமாக நம் ஊரில் யாருமே தோற்கவில்லை என்று பீற்றிக்கொண்டிருந்தவள் நான், கடைசியில் தோற்றது என் வீட்டுக்காரர். நம் பக்கத்துக் கிருமி மாத்திரைக்குப் பழகிப்போய்விட்டது, மூன்றாம் நாளும் அடங்கவில்லை. டிராக்டரில் வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்தி மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கே வேறு மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் நெஞ்சை அரிக்கிறது. நீ கொரியா போன அடுத்த வருடம் நம் ஊரில் மலேரியா ஆராய்ச்சி ஆரம்பித்ததும், ஊர்ச் சுகாதார ஊழியராக என்னைச் சேர்த்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். தலைநகரத்து டாக்டர் பொரமி அதை நடத்துகிறாள், உன்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். ரத்தத்தைத் தாய்லாந்தில் பார்க்கிறார்கள். ஆப்பிரிக்காவில் மாலி என்ற தேசத்திலிருந்து சிசோகோ என்று ஒருவர் வருவார், அவர்கள் ஊரிலும் இதே காய்ச்சல் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறதாம். ஓர் இடத்தில் கண்டுபிடித்ததை எல்லா இடத்திலும் செய்து பார்த்து, ஒரேயடியாக ஒழித்துவிட வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். என் வேலை, மாதம் ஒருமுறை நாற்பத்தொரு வீட்டுக்கும் போய்ப் படிவம் நிரப்புவது. அதில் மூன்றாம் கேள்வி, இந்த மாதம் காட்டுக்குப் போனீர்களா? போனவர்களுக்கு அடுத்த தடவை போகுமுன்பே தடுப்பு மாத்திரை தருவோம். மூன்று வருடமாகக் கேட்டேன், மூன்று வருடமாக எல்லோரும் இல்லை என்றார்கள், நானும் இல்லை என்றே எழுதினேன். என் கையால் சோறு கட்டி அப்பாவை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, அவர் பெயருக்கு நேரேயும் இல்லை என்று எழுதியிருக்கிறேன் மகளே. அவர் எங்கே காட்டுக்குப் போனார்? மரத்துக்கல்லவா போனார்!

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிசின் எடுக்கிறவன் எவனாவது காட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? மரத்துக்குப் போறேன் என்பான், மேட்டுக் கொல்லைக்குப் போறேன் என்பான். காடு என்றால் அது வேறு, திருட்டு மரம் வெட்ட வருகிற வெளியூர்க்காரன் போவதுதான் காடு. மூன்றாவது மலைக்கு அப்பால் மூன்று ராத்திரி படுத்துவிட்டு வந்தாலும் அது அவரவர் மரம்.

அப்பா வீடு திரும்பிய பிறகு பொரமியும் சிசோகோவும் வந்தார்கள். படிவத்தைப் பார்த்துப் பொரமிக்கு ஒன்றும் புரியவில்லை. காட்டுக்கே போகாத மனிதருக்கு எப்படி வரும், அப்படியானால் கொசு ஊருக்குள்ளேயே கிருமியைப் பரப்புகிறது, ஊர் முழுக்க மருந்தடிக்க வேண்டும், இத்தனை வருட முடிவும் தலைகீழ் என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். சிசோகோ அப்பா கஞ்சி குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொரமி வழியாக ஒன்றே ஒன்று கேட்டார், காய்ச்சல் வருவதற்கு முன்னால எங்கெல்லாம் படுத்தீங்க? உன் அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மரத்துக்கிட்டதான், வேற எங்க படுப்பாங்க? பத்து நாளைக்கு ஒரு தடவை போவேனே" என்றார். பொரமி மெதுவாக என் பக்கம் திரும்பி, "அக்கா, அது காடு இல்லியா?" என்றாள். நான் ரோஷமாக, "காடா? அது இவரோட அப்பா குறி வெட்டின மரங்க டாக்டரம்மா" என்றேன். பொரமி அதைச் சிசோகோவுக்குச் சொன்னதும் அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் ஊரிலும் மழைக்காலம் முழுக்க வயல் குடிசையில் படுப்பவர்கள் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை என்றுதான் எழுதித் தருவார்களாம். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் அவர்கள் அப்பாவின் படிவத்தை மட்டும்தான் பார்த்தார்கள். மற்ற வீட்டுப் படிவங்களும் அதே லட்சணம் என்று எனக்கு மட்டுமே தெரியும். வாயைத் திறந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள், மருந்தைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தேன். அப்போதுதான் எதிர்வீட்டுத் தொன் இருமுகிற சத்தம் கேட்டது. இரண்டு வருடத்துக்கு முன் மரத்திலிருந்து காய்ச்சலோடு வந்தானே, அது ஏழெட்டு மாதம் திரும்பத் திரும்ப வந்து ஆளையே உருக்கிவிட்டது, இப்போது அவன் பெண்டாட்டிதான் பிசின் டின் தூக்குகிறாள். அவனுக்கும் நான்தான் இல்லை என்று எழுதினேன். ஒரு டப்பா மாத்திரை கொடுத்திருந்தால் தப்பியிருப்பான். பொரமியின் வண்டி கிளம்புமுன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவள் வண்டியை அணைக்கச் சொன்னாள். பிறகு, "கேள்விய எழுதுனது நான் அக்கா, இந்த ஊர்ல யாரையும் கேக்காம எழுதுனேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி என்னோடு வீட்டுப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். தொன்னிடமும் போய்ச் சொன்னேன். "விடுங்கக்கா, நீங்க நூறு தடவ கேட்டிருந்தாலும் நான் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன், என் மரம் எப்படிக் காடாகும்?" என்று அவன் என்னைத் தேற்றினான். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இப்போது மூன்றாம் கேள்வி மாறிவிட்டது. நானும் பொரமியும் சிசோகோவும் சேர்ந்துதான் மாற்றினோம். இந்த மாதம் எத்தனை ராத்திரி வீட்டுக்கு வெளியே படுத்தீர்கள், எங்கே? அவ்வளவுதான். முதல் மாதமே முப்பத்தொரு பேர் வெளியே படுத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை டப்பாவைச் சோற்றுப் பையிலேயே கட்டி அனுப்புகிறேன். போகிறவர்களையெல்லாம் சோதித்ததில் மூன்று பேருக்கு இரண்டு கோடு, மருந்து கொடுத்திருக்கிறேன். கணக்கு ஏறுகிறதே என்று நான் கலங்கினால், "இறங்குறதுக்கு முன்னால நெஜம் தெரியணும்ல அக்கா" என்கிறாள் பொரமி. மாலியிலும் இதே கேள்வியைக் கேட்கப் போகிறார்களாம்.

நேற்று மொலிகா உனக்கான ப்ரஹோக் மீன் ஊறுகாய் ஜாடியை வாங்கிப்போக வந்தாள். நான் பெருமையாக, "என் பொண்ணுக்கு முதலாளி ஹவுஸே குடுத்திருக்காராம், ஹவுஸ்லதான் இருக்கேன் கவலப்படாதீங்கன்னு வாராவாரம் சொல்றா" என்றேன். அவள் தண்ணீர் கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு, "அத்தை, அங்க பண்ணையில ஹவுஸ்னா வீடு இல்ல, செடி வளக்கிற பிளாஸ்டிக் கொட்டகை" என்றாள். நாலு வருடமாக நீ சுகமா என்று கேட்கிறேன், நாலு வருடமாகச் சுகம் என்கிறாய். நீ பொய் சொல்லவில்லை மகளே, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. பனிக்காலம் வரப்போகிறது என்றாள் மொலிகா, உள்ளே தண்ணீர்கூட உறைந்துவிடுமாமே.

புத்தரும் நம் ஊர்க் காவல் தெய்வமும் உன்னைக் காக்கட்டும். பிக்கு மந்திரித்த சிவப்புக் கயிறு வைத்திருக்கிறேன், இடது கையில் கட்டிக்கொள். ப்ரஹோக்கை நன்றாக மூடி வை, நாற்றத்துக்குச் சண்டைக்கு வந்துவிடப் போகிறார்கள். நம் படிவங்களில் ஒன்றையும் இதோடு மடித்து வைத்திருக்கிறேன். உன் பெயரை நானே எழுதிவிட்டேன், மற்றதை விட்டுவிடு, மூன்றாம் கேள்விக்கு மட்டும் உன் கையால் பதில் எழுதி அனுப்பு. எங்கே படுக்கிறாய், சுவர் எதனால் ஆனது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? பதில் எப்படி இருந்தாலும் யாரும் திட்ட மாட்டோம். அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார், "அது வீடு இல்லன்னா கிளம்பி வந்துடு, மரம் எங்கயும் போயிடாது."

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்
அம்மா சாரோம்