நாங்கள் வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளை

3.2.1997, ஓல்டன், சுவிஸ்
விசா வந்துவிட்டது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மூன்று வாரம் லீவும் தந்துவிட்டார்கள். மகள் சரணியாவைப் பக்கத்து வீட்டுப் புனிதவதி அன்ரி பார்த்துக்கொள்வா. ஆஸ்திரேலியாவில் போர்ட் டக்ளஸ் என்றதும், சலவை அறையில் என்னோடு நிற்கும் ஹைடி, பவளப்பாறை, மழைக்காடு, சொர்க்கம் என்று கையைத் தட்டினாள். நான் போவது மாப்பிள்ளை பார்க்க என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

தங்கச்சி கலாவதிக்கு முப்பத்தொரு வயது. பேசியிருக்கும் நித்தியானந்தனுக்கு அங்கே ஹோட்டலில் சமையல் வேலை. சாதகம் பொருந்தி, படம் மாற்றி, போனிலும் கதைத்தாயிற்று. அவன் கூப்பிடுவான் என்று எட்டு மாதமாகக் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் காத்துக்கிடக்கிறாள். எங்களில் ஒருவரும் ஆளை நேரில் கண்டதில்லை. நானும் இவரும் பார்த்து ஓம் என்றால் சரி.

12.2, போர்ட் டக்ளஸ்
மழை. கடலில் சொறிமீனாம், பட்டால் உயிரே போகுமாம். வலை கட்டிய ஒரு துண்டுக்குள் மட்டும் சனம் குளிக்கிறது. நித்தியானந்தன் எங்கள் பெட்டிகளைத் தானே தூக்கினான். வாய்க்கு வாய் அக்கா. கலாவதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக்கும்.

14.2
பவளப்பாறைக்குப் படகில் கூட்டிப்போனான். போகவர எனக்குச் சத்தி, சாப்பிட்டதெல்லாம் கடலுக்குள்.

15.2
மழைக்காட்டில் நடந்தோம். இவர் முன்னால் போனதும் அவன் நின்றான்.

"அக்கா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். இஞ்ச ஒரு பொம்பிளைப் பிள்ளையோட இருக்கிறன். அம்மாவுக்குச் சொல்ல ஏலாது. என்னைப் பிடிக்கேல்லை எண்டு நீங்களே சொல்லிவிடுங்கோ."

எட்டு மாதமாக வாயில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டேன். அழுதான். அடிக்கவேண்டும் போலிருந்தது. என் காலில் அட்டை ஏறி இரத்தம் வடிந்ததை அறைக்கு வந்துதான் கண்டேன்.

16.2
அவன் வேண்டாமென்றான் என்று அறிந்தால் கலாவதி உடைந்துபோவாள். அவளில் என்ன குறை என்று சனம் கேட்கும். நாங்கள் வேண்டாமென்றால் மரியாதை எங்கள் பக்கம். இவருக்கும் உண்மையைச் சொல்லவில்லை; இவர் வாயில் ஒன்றும் நிற்காது. கொழும்புக்குப் போன் எடுத்து, ஆள் சரியான குடிகாரன், உனக்குச் சரிவராது என்றேன். அவள், சரி அக்கா என்றாள்.

இவருக்கு ஒரே ஆச்சரியம். எப்போது குடித்தவன் என்று கேட்டார்.

3.3, ஓல்டன்
வேலை. சொர்க்கமா என்று ஹைடி கேட்டாள். ஓம் என்றேன்.

20.4
அவனுடைய தாய் கலாவதியிடம் போய், என் பிள்ளை சிகரெட்டும் தொடாதவன், உன் அக்காவுக்கு எரிச்சல் என்றிருக்கிறா. கலாவதி இவரிடம் விசாரித்தாளாம். இவரும் கண்டதைச் சொல்லிவிட்டார், அவன் குடித்ததைத் தான் காணவில்லை என்று.

இன்று அவளுக்கு எல்லா உண்மையையும் சொன்னேன். அவள் குரல் உயரவேயில்லை.

"அப்ப குடிகாரன் எண்டனீ. இப்ப பொம்பிளை இருக்கு எண்டுறாய். நாளைக்கு என்ன சொல்லப்போறாய், அக்கா?"

நல்லதுக்குத்தானே செய்தனான் — ஆருடைய நல்லதுக்கு? அவளிட்டையே உண்மையைச் சொல்லி, முடிவை அவளிட்டை விட்டிருந்தா என்ன? விசரி நான்.

5.5
நித்தியானந்தனிடம், கலாவதியோடு ஒருதரம் கதை என்று கெஞ்சப் போன் எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான்.

11.6
கலாவதி லொட்ஜை விட்டுவிட்டாள். திருகோணமலையில் கப்பலேறி யாழ்ப்பாணம் போய்விட்டாளாம். எனக்குச் சொன்னது லொட்ஜ்காரர்.

28.9
யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம், இவர் பெயருக்கு. இவர் உரத்து வாசித்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம். இனி ஒருவரும் தனக்குக் கலியாணம் பேசவேண்டாமாம். அத்தானின் முதுகு நோ எப்படி? மகள் சரணியா டொச் பாஷை நன்றாகக் கதைக்கிறாளோ? பக்கத்து வீட்டுப் புனிதவதி அன்ரி சுகமோ?

மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார். பிறகு மடித்து உறைக்குள் வைத்தார்.

"அவசரத்திலை உன்னைக் கேக்க மறந்திருப்பாள்," என்றார்.